ஓடுகிற ஸ்பூலும் பறக்கிற லூரும்

தையல் நூல் உருளை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மேசைமேல் நிற்கவைத்து, நூல் நுனியை மேல்நோக்கி இழுத்தால் உருளை அசையாது. நூல் மட்டும் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாகக் கழன்று வரும். இப்போது அதே உருளையை ஒரு பென்சிலில் கோத்துக் கிடையாகப் பிடித்து இழுங்கள். உருளை சுற்றினால்தான் நூல் வரும். வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக் கையை நிறுத்திப் பாருங்கள். கை நின்ற பிறகும் உருளை நிற்காது. அதுபாட்டுக்குச் சுற்றி, நூலைக் கொத்தாகத் தள்ளிவிடும்.

தூண்டில் கோலில் நரம்பு என்கிற தூண்டில் நூலைச் சுற்றிவைக்கும் கருவிதான் ரீல். முதலாவது உருளை மாதிரி வேலை செய்வது ஸ்பின்னிங் ரீல். இரண்டாவது மாதிரி வேலை செய்வது பேட்காஸ்டிங் ரீல், சுருக்கமாக பேட்காஸ்டர். புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்கள் பேட்காஸ்டரைக் கண்டு தயங்குவதற்கான காரணம் முழுவதும் அந்த இரண்டாவது உருளையில் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் ரீலில் இருக்கும் ஒவ்வொரு திருகும் எதற்கு என்பதும் தானாக விளங்கிவிடும். அதனால் முதலில் சிக்கைப் பற்றிப் பேசிவிடலாம்.

சிக்கு எப்படி விழுகிறது

ஒரு சின்னக் கணக்கு. நாம் வீசுகிற லூர், அதாவது முள் வைத்த பொய் இரை, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்பூலின், அதாவது ரீலுக்குள் நரம்பு சுற்றிய உருளையின், சுற்றளவு 10 சென்டிமீட்டர் என்போம். அப்படியானால் ஸ்பூல் நொடிக்கு 200 சுற்று சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 12,000. அசையாமல் இருந்த ஒரு பொருள், கண்ணிமைக்கும் நேரத்தில் இந்த வேகத்துக்குப் போய்விடுகிறது.

லூரோ புறப்பட்ட கணத்திலிருந்தே காற்றை எதிர்த்துக்கொண்டு போகிறது. அதன் வேகம் குறைந்துகொண்டே வரும். ஸ்பூலுக்கு அந்தக் காற்றுத் தடை கிடையாது. தடுப்பு எதுவும் இல்லையென்றால் பிடித்த வேகத்தை விடாமல் சுற்றும். லூர் இழுப்பதைவிட ஸ்பூல் நூற்றுக்கு ஐந்து பங்கு அதிகமாக ஒரு நொடி சுற்றினால் போதும், பத்துச் சுற்று கூடுதலாக ஓடியிருக்கும். அதாவது ஒரு மீட்டர் நரம்பு வெளியே போக வழியில்லாமல் ரீலுக்குள்ளேயே தொளதொளவென்று கிடக்கும். சுற்றிக்கொண்டிருக்கிற ஸ்பூல் அந்தத் தளர்ந்த நரம்பைப் பிடித்துத் தன்மேல் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொள்ளும். இதுதான் பேக்லாஷ். பறவைக்கூடு என்று கேலியாகச் சொல்வார்கள். ஒருமுறை பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தம்தான் என்பீர்கள்.

ஆக, பேட்காஸ்டர் பழகுவது என்றால் இரண்டு வேகங்களை ஒத்துப்போகச் செய்வது. லூர் பறக்கும் வேகம் ஒன்று, ஸ்பூல் ஓடும் வேகம் மற்றொன்று. இந்த இரண்டும் பிசகும் இடங்கள் மூன்று. கையை விட்டதும் ஸ்பூல் திடீரென்று வேகம் எடுக்கும் இடம். நடுவானில் லூர் வேகம் இழக்கும் இடம். கடைசியாக, லூர் தண்ணீரைத் தொட்டு ஒரேயடியாக நின்றுபோகும் இடம். புதியவர்கள் பெரும்பாலும் மாட்டுவது முதல் இடத்திலும் மூன்றாம் இடத்திலும்தான்.

இவ்வளவு பாடு எதற்கு?

நியாயமான கேள்வி. ஸ்பின்னிங் ரீல் ஒரே நாளில் கைக்கு வந்துவிடுகிறது, அப்புறம் ஏன் இந்த வம்பு?

நாம் பிடிக்கப் போகும் பாஸ் மீனின் சுபாவம்தான் காரணம். வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளையும் ஆறுகளையும் பூர்வீகமாகக் கொண்ட லார்ஜ்மவுத் பாஸ் பதுங்கியிருந்து பாய்கிற மீன். நீர்க்கொடிகளுக்குள், அல்லி இலைகளின் அடியில், மூழ்கிய மரக்கிளைகளுக்கு இடையில் நின்றுகொண்டு, இரை பக்கத்தில் வரும்போது வாயைத் திறக்கும். அதனால் லூர் கொடிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தால் பல சமயம் அது வீசாததற்குச் சமம். சரியாக ஓட்டை பார்த்து விழ வேண்டும். பாஸ் கவ்விவிட்டால் உடனே தன் புதருக்குள் ஓடப் பார்க்கும். அது உள்ளே புகுந்து நரம்பைக் கிளையில் சுற்றுவதற்குள் வெளியே இழுக்கத் தடித்த நரம்பும் இழுவைக்கு ஈடுகொடுக்கும் ரீலும் வேண்டும்.

பேட்காஸ்டர் இந்த இரண்டையும் தருகிறது. பறந்துகொண்டிருக்கும் லூரைக் கட்டைவிரலால் மெல்லப் பிடித்து, வேண்டிய இடத்துக்கு மேலே நிறுத்தி, சத்தமில்லாமல் இறக்கலாம். தடித்த நரம்பு ஸ்பின்னிங் ரீலின் விளிம்பில் சுருள் சுருளாகக் கழன்று கோலின் வழிகாட்டி வளையங்களில் அடித்துக்கொண்டு போகும். இங்கே நேராக ஓடும். முறுக்கும் ஏறாது. ஸ்பூலைத் தடையின்றிச் சுற்றவிடும் கிளட்சைத் திறக்கும் பட்டை கட்டைவிரலுக்கு அடியிலேயே இருப்பதால் ஒரு கையாலேயே திறந்து வீசிவிடலாம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை வீசுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

இந்த வகை ரீலின் முன்னோடிகளில் ஒன்றை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரத் தொழிலாளி செய்தார். பல்சக்கரம் வைத்து, கைப்பிடி ஒருமுறை சுற்றினால் ஸ்பூல் பலமுறை சுற்றும்படி அமைத்தார். அந்தக் காலத்து ரீல்களில் பிரேக் என்று தனியாக எதுவும் கிடையாது. கட்டைவிரல் ஒன்றுதான். நரம்பைத் திரும்பச் சுற்றும்போது ஒரே இடத்தில் குவியாமல் விரலால் தள்ளித் தள்ளிப் பரப்பவும் வேண்டியிருந்தது. இப்போது ஸ்பூலுக்கு முன்னால் இடமும் வலமும் போய்வருகிற சின்ன வழிகாட்டி அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

மூன்று தடுப்புகள்

முதல் தடுப்பு, கைப்பிடி இருக்கும் பக்கத்தில் நட்சத்திர வடிவச் சக்கரத்தை ஒட்டியுள்ள சிறிய உருண்டைத் திருகு. இதை டென்ஷன் திருகு என்போம். ஸ்பூலின் அச்சை ஓரத்திலிருந்து அழுத்துவது இதன் வேலை. அழுத்தம் கூடினால் ஸ்பூல் கிளம்பவே சோம்பல்படும். பக்கத்திலேயே இருக்கும் நட்சத்திரச் சக்கரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது டிராக். மீன் இழுக்கும்போது எவ்வளவு பலத்துக்கு நரம்பு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை வைப்பது. வீசுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிக்கு விழுந்தால் அதை இறுக்கிப் பார்க்கிற புதியவர்கள் நிறையப் பேர்.

டென்ஷன் திருகை வைக்கும் முறை எளிது. லூரைக் கட்டி, ராடை, அதாவது தூண்டில் கோலை, சற்று உயர்த்திப் பிடித்து, கிளட்சை அழுத்துங்கள். லூர் தானாக, மெதுவாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்றுவிட வேண்டும். லூர் விழுந்த பிறகும் ஸ்பூல் சுற்றினால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள். லூர் அசையவே இல்லையென்றால் தளர்த்துங்கள். லூரை மாற்றினால் எடை மாறும், எடை மாறினால் இதையும் மாற்ற வேண்டும். பழகியவர்கள் பலர் ஸ்பூல் பக்கவாட்டில் ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டு மற்றதை விரலிடம் விட்டுவிடுவார்கள். அந்த யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

இரண்டாவது தடுப்பு, கைப்பிடிக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பிரேக். இதில் இரண்டு வகை பிரபலம்.

ஒன்று மையவிலக்கு பிரேக். ஸ்பூலின் ஓரத்தில் சிறு கட்டைகள் இருக்கும். ராட்டினம் வேகமெடுத்ததும் தொங்கும் இருக்கைகள் வெளிப்பக்கம் விரிகிற மாதிரி, ஸ்பூல் வேகமாகச் சுற்றும்போது இந்தக் கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் வீச்சின் தொடக்கத்தில் பலமாகப் பிடிக்கும், வேகம் குறையக் குறைய விட்டுவிடும்.

மற்றொன்று காந்த பிரேக். ஸ்பூல் அலுமினியம், காந்தம் அதில் ஒட்டாது. ஆனால் காந்தத்துக்குப் பக்கத்தில் உலோகம் சுற்றினால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அந்தச் சுற்றையே எதிர்க்கும். பழைய மின்சார மீட்டருக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தட்டைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் இதே வித்தைதான். எதுவும் எதிலும் உரசுவதில்லை. பிடிப்பு வீச்சு முழுவதும் ஓரளவு சீராக இருக்கும். வெளியே உள்ள டயலைத் திருப்பினால் காந்தம் கிட்டேயோ தூரமோ போகும், அவ்வளவுதான். புதியவர்களுக்கு இது வசதி, எதையும் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. மையவிலக்கு பிரேக்கில் சில மாடல்களுக்குப் பக்கத் தகட்டைத் திறந்துதான் மாற்ற வேண்டியிருக்கும்.

சிறு கணினிச் சில்லு வைத்து ஸ்பூலின் வேகத்தை அளந்து தானே பிரேக் பிடிக்கிற ரீல்களும் உண்டு. ஷிமானோ நிறுவனத்தின் டிசி ரீல்கள் அப்படிப்பட்டவை. ஸ்பூல் சுற்றுவதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வதால் பேட்டரி கிடையாது. நல்ல சரக்குதான். ஆனால் அதில் மட்டும் பழகினால் விரல் பழகாது என்பது என் எண்ணம்.

மூன்றாவது தடுப்பு அந்த விரல்தான். முதல் இரண்டும் சராசரியாக வேலை செய்பவை. எதிர்க்காற்று வந்ததா, கை கொஞ்சம் முரட்டுத்தனமாக வீசிவிட்டதா என்று அவற்றுக்குத் தெரியாது. லூர் தண்ணீரைத் தொடப்போகிறது என்பதும் தெரியாது. கண் பார்த்துச் சொன்னால் கேட்பது கட்டைவிரல் மட்டும்.

எதை மாட்டுவது

நரம்பில்தான் பெரும்பாலோர் முதல் தவறைச் செய்கிறார்கள். நானும் செய்தேன். வலிமையானது என்று கேள்விப்பட்டு, பல இழைகளைப் பின்னிச் செய்த பின்னல் நரம்பை ஏற்றிக்கொண்டு போனேன். பின்னல் நரம்பு மெல்லியது, வழுவழுப்பானது. சிக்கு விழுந்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்துகொள்ளும். அன்று சிக்கெடுக்க உட்கார்ந்தவன் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் கத்தரிக்கோல்தான் முடித்து வைத்தது.

பழகுவதற்கு 12 முதல் 15 பவுண்டு தாங்கும் சாதாரண நைலான் ஒற்றை நரம்பு போதும். விலை குறைவு, வளைந்து கொடுக்கும், சிக்கை ஓரளவு கண்ணால் பார்த்துப் பிரிக்கலாம். வெட்டிப் போட்டாலும் மனசு வலிக்காது. ஃப்ளூரோகார்பன் என்ற இன்னொரு வகை நரம்பு விறைப்பானது, சிக்கில் மடிந்த இடத்தில் வலிமை போய்விடும். அது பிறகு. ஸ்பூலின் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே வரை நரம்பு நிறைத்தால் சரி. பழகும்போது இன்னும் கொஞ்சம் குறைவாக ஏற்றினால் நல்லது. ஸ்பூல் எடை குறையும், வேகம் பிடித்தாலும் நிறுத்துவது சுலபம்.

லூரின் எடை அடுத்தது. கனமான லூர் நரம்பைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே போவதால் தளர்ச்சி விழ இடம் குறைவு. 14 கிராம் எடையுள்ள ஒன்றில் தொடங்குங்கள். முள் இல்லாத பயிற்சிக் கட்டைகள் கிடைக்கின்றன. இல்லையென்றால் பழைய லூரின் முட்களைக் கழற்றிவிடுங்கள். 7 கிராமுக்குக் கீழே போனால் சாதாரண பேட்காஸ்டர் அடம்பிடிக்கும்.

ராட் பேட்காஸ்டருக்கு உரியதாக இருக்க வேண்டும். ரீல் மேல்பக்கம் உட்காரும், பிடியின் அடியில் ஆள்காட்டி விரல் மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி இருக்கும். சுமார் 7 அடி நீளம், மீடியம் ஹெவி (நடுத்தரத்துக்குச் சற்று மேலான விறைப்பு) என்று குறிப்பிடப்பட்டவை பாஸுக்குப் பொதுவானவை. கட்டை மாதிரி விறைத்தது வேண்டாம். பின்னால் கொண்டுபோகும்போது லூரின் எடையில் கொஞ்சமாவது வளைகிற ராட்தான் வீச்சைச் சீராக்கும்.

ரீலின் மேல் 6.3:1, 7.1:1 என்று எண்கள் இருக்கும். கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் ஸ்பூல் எத்தனை முறை சுற்றும் என்பது அது. 7.1 என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய முக்கால் மீட்டர் நரம்பு உள்ளே வரும். வீசப் பழகுவதற்கு இந்த எண் முக்கியமே இல்லை. நடுவாந்தரமாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புல்தரையில்

முதல் வீச்சைத் தண்ணீரில் வீச வேண்டாம். தண்ணீர் என்றதும் தூரம் போக வேண்டும் என்ற ஆசை வந்துவிடும், ஆசை வந்தால் கை முரண்டும். திறந்த புல்தரை போதும். பத்து மீட்டர் தள்ளி ஒரு வாளியை வையுங்கள். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் திரும்பிப் பாருங்கள்.

டென்ஷன் திருகை மேலே சொன்ன மாதிரி வைத்து, பிரேக்கை உச்சத்துக்குத் திருப்புங்கள். லூர் ராட் நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கட்டும். கட்டைவிரலால் ஸ்பூலையும் சேர்த்து அழுத்திக்கொண்டு கிளட்சைத் திறங்கள். விரலை எடுத்தால் லூர் கீழே விழுந்துவிடும். இப்போது மணிக்கட்டைத் திருப்பி, ரீலின் கைப்பிடி வானத்தைப் பார்க்கும்படி வையுங்கள். பார்க்க விநோதமாக இருந்தாலும், இப்படிப் பிடித்தால் மணிக்கட்டு தடையில்லாமல் மடங்கும்.

ராடைப் பின்னால் கொண்டுபோய், லூரின் எடை நுனியை வளைப்பதை உணர்ந்து, அதே ஓட்டத்தில் முன்னால் கொண்டுவாருங்கள். கல்லெறிகிற மாதிரி வெட்டி எறியக் கூடாது. தொடக்கச் சிக்கில் பெரும்பகுதி இந்த வெட்டினால் வருவது, ஏனென்றால் ஸ்பூல் ஒரே உதறலில் லூரை முந்திவிடுகிறது. ராட் நுனி கடிகாரத்தில் பத்து மணி முள் இருக்கும் சாய்வுக்கு வரும்போது விரல் அழுத்தத்தை விடுங்கள். சீக்கிரம் விட்டால் லூர் வானத்துக்குப் போகும். தாமதித்தால் காலடியில் குத்தும், அதோடு வேகமெடுத்த ஸ்பூல் நிற்காமல் சுற்றிப் பெரிய சிக்காகும்.

அழுத்தத்தை விடுங்கள் என்றேன், விரலை எடுங்கள் என்று சொல்லவில்லை. விரல் நரம்பின் மேல் தொட்டும் தொடாமலும் மிதக்க வேண்டும். நரம்பு தளர்ந்து மேலே எழும்பினால் அது விரலில் பூனை மீசை உரசுகிற மாதிரி தெரியும். அப்போது லேசாக ஒரு தொடுதல், அவ்வளவே. கண் ரீலைப் பார்க்கக் கூடாது, லூரைப் பார்க்க வேண்டும். லூர் தரையைத் தொடுவதற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முன்பு விரலை நன்றாக அழுத்தி நிறுத்துங்கள். இந்தக் கடைசி அழுத்தம் ஒன்று பழகிவிட்டால் பாதிச் சிக்குகள் காணாமல் போகும்.

பத்து வீச்சு சிக்கில்லாமல் போனால் பிரேக்கை ஒரு படி குறையுங்கள். மறுபடி பத்து. சிக்கு விழத் தொடங்கினால் ஒரு படி பின்வாங்குங்கள். பிரேக் குறையக் குறையத் தூரம் கூடும், விரலின் வேலையும் கூடும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காமல், தினம் கால் மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் விரல் வேகமாகக் கற்றுக்கொள்கிறது.

சிக்கு விழுந்தால்

விழும். பல வருடம் பிடித்தவர்களுக்கும் விழும். விழுந்ததும் நரம்பை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் தளர்ந்த வளையங்கள் முடிச்சாகிவிடும்.

கட்டைவிரலை ஸ்பூலின் மேல் பலமாக அழுத்துங்கள். கைப்பிடியைச் சுற்றிக் கிளட்சை மூடி, அழுத்தத்தை விடாமல் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். டிராக் நழுவினால் அதைச் சற்று இறுக்கிக்கொள்ளுங்கள். பிறகு கிளட்சைத் திறந்து நரம்பை மெதுவாக இழுத்துப் பாருங்கள். மாட்டுகிற இடம் வந்தால் நின்று, மறுபடி அழுத்திச் சுற்றி, மறுபடி இழுங்கள். மேலே எழும்பி நிற்கும் வளையங்கள் இந்த அழுத்தத்தில் படிந்து, மாட்டியிருந்த நரம்பை விடுவிக்கும். ஏதோ மந்திரம் போலத் தோன்றும், ஆனால் பெரும்பாலான சிக்குகள் இதிலேயே அவிழ்ந்துவிடுகின்றன. அவிழாததை விரல் நகத்தால் வளையம் வளையமாகத் தூக்கி எடுக்க வேண்டியதுதான். அவிழ்ந்த பிறகு நரம்பில் வெள்ளையாக மடிந்த தழும்பு இருந்தால் அதுவரை வெட்டிவிடுங்கள்.

ஒரு முன்னெச்சரிக்கையும் இருக்கிறது. நீங்கள் வீசும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக நரம்பை வெளியே இழுத்து, ஸ்பூலில் மிச்சமிருக்கும் நரம்பின் மேல் ஒட்டுநாடா ஒரு சுற்று ஒட்டி, திரும்பச் சுற்றிவிடுங்கள். எவ்வளவு மோசமான சிக்கும் அந்த நாடாவைத் தாண்டி ஆழத்துக்குப் போகாது. பயிற்சி முடிந்ததும் எடுத்துவிட மறக்க வேண்டாம். ஓடுகிற மீனுக்கும் அந்த நாடாவைத் தாண்டி நரம்பு கொடுக்க முடியாது.

தண்ணீருக்குப் போகும்போது

எதிர்க்காற்றில் லூர் சீக்கிரம் வேகம் இழக்கும். பிரேக்கைக் கூட்டி, உயரத் தூக்காமல் தாழ்வாக வீசுங்கள். முடிந்தால் காற்று முதுகில் அடிக்கும் பக்கமாக நின்று தொடங்குங்கள். அல்லி இலைகளுக்கு நடுவில் வீச ஆசை வரும். முதல் சில நாள்கள் திறந்த தண்ணீரிலேயே வீசுங்கள்.

லூர் விழுந்ததும் கைப்பிடியை அரைச் சுற்றாவது சுற்றிக் கிளட்சை மூடிவிட வேண்டும். பாஸ் பல சமயம் லூர் மூழ்கிக்கொண்டிருக்கும்போதே கவ்வும். கிளட்ச் திறந்திருக்கும்போது பதற்றத்தில் ராடைத் தூக்கினால், முள் ஏறாது, ஸ்பூல் மட்டும் சுற்றும். மறுமுனையில் மீன், இந்த முனையில் பறவைக்கூடு.

ஸ்பின்னிங் ரீலைத் தூக்கிப்போட்டுவிட வேண்டாம். எடையே இல்லாத சின்ன ரப்பர் புழுக்கள், 5 கிராம் லூர்கள், மெல்லிய நரம்பு, தெளிந்த தண்ணீர் என்று வந்தால் அதுதான் சரியான கருவி. பாஸ் பிடிப்பவர்கள் படகில் இரண்டு வகையையும் வைத்திருப்பது அதனால்தான்.